பழைய பிக்கப் வண்டிக்குப் புது மீட்டர்கள்

நான் பேச வந்தால் உரம், விதை, பூச்சி மருந்து என்றுதான் பேசுவேன் என்பது உங்களுக்குத் தெரியும். இன்றைக்கு உங்கள் வீட்டு வாசலில் நிற்கிற பழைய டீசல் பிக்கப் வண்டியைப் பற்றிப் பேசப் போகிறேன். "வேளாண்மை ஆபீசருக்கு வண்டியிலே என்னங்க வேலை?" என்று கேட்பீர்கள். விளைந்த காய் மண்டிக்கு நேரத்தில் போய்ச் சேரவில்லை என்றால் நான் சொன்ன உரக் கணக்கெல்லாம் யாருக்குப் பிரயோஜனம்?

எங்கள் வீட்டிலேயே நடந்த சங்கதியைச் சொல்கிறேன். என் அண்ணனுக்குக் கோத்தகிரிப் பக்கம் மூன்று ஏக்கர் கேரட் தோட்டம். இருபது வருஷம் ஓடிய ஒரு பிக்கப் வைத்திருக்கிறார். ஒரு நாள் மேட்டுப்பாளையத்திலிருந்து உர மூட்டை ஏற்றிக்கொண்டு மலை ஏறி வந்திருக்கிறார். பாதி மலையில் டெம்பரேச்சர் முள் சிவப்புக்குப் பக்கத்தில் போய்விட்டது. நிறுத்தலாமா என்று யோசிப்பதற்குள் முள் மடமடவென்று கீழே இறங்கியது. "அப்பாடா, மலைக்காத்துக்கு எஞ்சின் ஆறிப்போச்சு" என்று அண்ணன் வண்டியை மிதித்திருக்கிறார். இரண்டு வளைவு தாண்டியதும் எஞ்சின் நின்றது. பார்த்தால் கீழ் ஹோஸ் வெடித்து ரேடியேட்டரில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. ஹெட்டில் விரிசல். மறுநாள் விடியற்காலம் இறங்க வேண்டிய கேரட் மூட்டைகள் நான்கு நாள் கொட்டகையில் கிடந்து வாடின.

முள் ஏன் இறங்கியது? டெம்பரேச்சர் சென்சாரின் மூக்கு தண்ணீருக்குள் முங்கி இருந்தால்தான் சூட்டைச் சரியாகச் சொல்லும். தண்ணீர் வடிந்துவிட்டால் அது வெறும் ஆவியில், காற்றில் நிற்கும். எஞ்சின் வெந்துகொண்டிருக்கும், மீட்டர் மட்டும் குளிர்ந்துவிட்டதாகக் காட்டும். ஏறிக்கொண்டிருந்த முள் காரணமில்லாமல் திடீரென்று விழுந்தால் உடனே ஓரங்கட்டி எஞ்சினை நிறுத்துங்கள். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள், முகம் வெந்துபோகும்.

பழைய வண்டிகளில் கம்பெனி கொடுத்த மீட்டரில் எண் இருக்காது. குளிருக்கு ஒரு எழுத்து, சூட்டுக்கு ஒரு எழுத்து, நடுவில் ஒரு கோடு, அவ்வளவுதான். ஆயிலுக்கோ ஒரு சிவப்பு விளக்கு மட்டும். இந்த விளக்கை நம்பித்தான் பல பேர் ஏமாந்து போகிறார்கள். ஆயில் பிரஷர் பொதுவாக 5 முதல் 7 பவுண்டு அளவுக்கு இறங்கிய பிறகுதான் அது எரியும். பாரம் ஏற்றி ஓடுகிற எஞ்சினுக்கு அந்தப் பிரஷர் எந்த மூலைக்கு? விளக்கு எரிவதற்குள் பேரிங் தேய்ந்து போயிருக்கும். விளக்கின் பல்பே ஃபியூஸ் ஆகியிருந்தால் கேட்கவே வேண்டாம். இன்றைக்கே வண்டியில் ஏறி, எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் திருப்பிப் பாருங்கள். ஆயில் விளக்கு எரிய வேண்டும். எரியவில்லை என்றால் முதலில் அதைச் சரிபார்த்துவிட்டு மற்ற வேலையைப் பாருங்கள்.

ஆயில் பிரஷர், டெம்பரேச்சர், வோல்ட் ஆகிய மூன்று மீட்டர் இருந்தால் போதும். கையில் காசு ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் ஆயில் மீட்டரை வாங்குங்கள். டெம்பரேச்சருக்கு ஏற்கெனவே ஏதோ ஒரு முள்ளாவது இருக்கிறது.

ஆயில் மீட்டரில் இரண்டு வகை உண்டு. ஒன்று, எஞ்சினிலிருந்து மெல்லிய குழாய் வழியாக ஆயிலையே மீட்டர் வரைக்கும் கொண்டு வருவது. கரண்டு வேண்டாம், கணக்கும் சுத்தமாக இருக்கும். ஆனால் கொதிக்கிற ஆயில் உங்கள் முழங்காலுக்குப் பக்கத்தில் ஓடுகிறது என்பதை மறக்கக் கூடாது. பிளாஸ்டிக் குழாய் சைலன்சர் பக்கம் பட்டால் உருகிவிடும். செம்புக் குழாய் அதிர்ச்சியில் வெடிக்கும். அதற்காக எஞ்சின் பக்கத்தில் இரண்டு சுற்றுச் சுற்றி விடுவார்கள், ஸ்பிரிங் மாதிரி. குழாய் தகட்டைத் துளைத்துக் கேபினுக்குள் வருகிற இடத்தில் ரப்பர் வளையம் இல்லாமல் விடவே கூடாது. இன்னொரு வகை சென்சார் வைத்த கரண்டு மீட்டர். எனக்கு இதுதான் பிடிக்கும், கேபினுக்குள் ஆயில் வராது.

கரண்டு மீட்டர் வாங்கும்போது மீட்டரையும் சென்சாரையும் ஒரே செட்டாக வாங்குங்கள். ஒரு கம்பெனி சென்சாரில் பிரஷர் ஏற ஏற ஓம்ஸ் கணக்கு கூடும், இன்னொன்றில் குறையும். மாற்றி மாட்டினால் முள் பொய் சொல்லும். பழைய ஆயில் சுவிட்சைக் கழற்றிக் கையோடு கடைக்கு எடுத்துப் போனால் மரை பொருந்துகிறதா என்று அங்கேயே பார்த்துவிடலாம். சிவப்பு விளக்கின் சுவிட்சைத் தூக்கி எறிய வேண்டாம். டி வடிவ பித்தளைத் துண்டு ஒன்று போட்டால் இரண்டையும் மாட்டலாம். கனமான சென்சாரை அந்தப் பித்தளையிலேயே தொங்கவிட்டால் அதிர்ச்சியில் முறிந்துவிடும். ஆயில் பிரஷரைத் தாங்குகிற சிறு ஹோஸ் போட்டு, சென்சாரைப் பக்கத்தில் கிளாம்பில் கட்டி, அதன் உடம்பிலிருந்து எர்த்துக்கு ஒரு வயர் இழுப்பது நல்லது.

எர்த் என்றதும் ஞாபகம் வருகிறது. நம் பிளம்பர் தம்பிகள் எதற்கெடுத்தாலும் வெள்ளை டேப்பைச் சுற்றுவார்கள். ஒற்றை வயர் சென்சாருக்கு மரைதான் எர்த். டேப்பை மொத்தமாகச் சுற்றிவிட்டால் எர்த் கிடைக்காமல் முள் தாறுமாறாக ஆடும். பிய்ந்த டேப் ஆயில் துவாரத்தில் போய் அடைத்தாலோ அது வேறு வம்பு.

டெம்பரேச்சர் மீட்டரில் நீளமான மெல்லிய குழாயும் குண்டும் சேர்ந்து வருகிற வகை உண்டு. அந்தக் குழாயை வெட்டவோ மடக்கவோ கூடாது. உள்ளே இருக்கிற திரவம் போய்விட்டால் மீட்டர் குப்பைக்குத்தான். நீளம் மிச்சமானால் பெரிய வட்டமாகச் சுற்றிக் கட்டுங்கள். மாட்டும் முன் குண்டைக் கொதிக்கிற தண்ணீரில் விட்டுப் பாருங்கள். சமவெளியில் 100 டிகிரிக்குப் பக்கத்தில் காட்ட வேண்டும். மலையில் இருப்பவர்கள் இந்தக் கணக்கைக் குறைத்துக்கொள்ளுங்கள். ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம். அங்கே திறந்த பாத்திரத்துத் தண்ணீர் 93 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும். ரேடியேட்டர் மூடியின் ரப்பர் தளர்ந்துபோன வண்டி, கீழே ஒழுங்காக ஓடிவிட்டு மேலே போனதும் பொங்குவதற்கு இதுவே காரணம். மூடி சரியாக இருந்தால் உள்ளே பிரஷர் நின்று, தண்ணீர் 100 டிகிரி தாண்டினாலும் கொதிக்காது.

கரண்டுக்கு ஆம்ப் மீட்டர் வேண்டாம், வோல்ட் மீட்டர் போதும் என்பது என் அபிப்பிராயம். ஆம்ப் மீட்டரில் சார்ஜ் ஆகிற கரண்டு முழுவதும் டேஷ்போர்டு வரை வந்து திரும்ப வேண்டும். ஒரு நட்டு லூசானால் அந்த இடம் சூடேறித் தீப்பிடிக்கும். வோல்ட் மீட்டருக்கு மெல்லிய வயர், நடுவில் ஒரு சிறு ஃபியூஸ், சாவியைத் திருப்பினால் கரண்டு வருகிற ஒரு முனை, ஒரு எர்த், இவ்வளவுதான் தேவை. வேலை ஆரம்பிக்கும் முன் பேட்டரியின் எர்த் வயரைக் கழற்றி வையுங்கள். மிகப் பழைய வண்டி என்றால் பேட்டரி 6 வோல்ட்டா 12 வோல்ட்டா, எந்த முனை எர்த் ஆகியிருக்கிறது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். 12 வோல்ட் பேட்டரி முழு சார்ஜில், வண்டி நிற்கும்போது 12.6 காட்டும், ஓடும்போது 14 வாக்கில் இருக்க வேண்டும். 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் கோளாறு, பேட்டரித் தண்ணீர் காய்ந்துகொண்டே இருக்கும்.

மீட்டர்களை எங்கே வைப்பது? பழைய டேஷ்போர்டை வெட்டி ஓட்டை போடாதீர்கள். என் அண்ணன் மகன் ஆர்வக்கோளாறில் ஒன்று போட்டு, உள்ளே போன லைட் வயரையும் சேர்த்து அறுத்துவிட்டான். பெரும்பாலான மீட்டர்கள் 52 மில்லிமீட்டர் அளவு. லேத்துப் பட்டறையில் ஒரு தகட்டில் மூன்று துளை போட்டு வளைத்துத் தரச் சொல்லி, டேஷ்போர்டுக்குக் கீழே திருகிவிடுங்கள். மீட்டர்களைக் கொஞ்சம் திருப்பி, வழக்கமான ஓட்டத்தில் மூன்று முள்ளும் நேர் மேலே நிற்கும்படி வையுங்கள். அப்புறம் எண்ணைப் படிக்கத் தேவையில்லை. எது சாய்ந்திருக்கிறது என்று வளைவிலேயே ஓரக்கண்ணால் தெரிந்துவிடும்.

மாட்டிய முதல் வாரம் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்: காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ஆயில் எவ்வளவு, சூடான பிறகு சும்மா நிற்கையில் எவ்வளவு, பாரத்தோடு ஏறும்போது டெம்பரேச்சர் எவ்வளவு என்று. ஆயில் குளிரில் அதிகமாகவும் சூட்டில் குறைவாகவும் காட்டுவது இயற்கை, பயப்பட வேண்டாம். உங்கள் எஞ்சினுக்கு எவ்வளவு இருக்க வேண்டும் என்பதைக் கையேட்டிலோ மெக்கானிக்கிடமோ கேட்டுக்கொள்ளுங்கள். மாதத்துக்கு மாதம் சூடான ஆயில் பிரஷர் இறங்கிக்கொண்டே வந்தால் பேரிங் தேய்கிறது, அல்லது ஆயிலில் டீசல் கலக்கிறது. அறுவடைக்கு முன்னாலேயே ஒர்க்‌ஷாப்புக்கு விட உங்களுக்கு அவகாசம் இருக்கும். ஓடும்போது முள் ஒரேயடியாக விழுந்தால், "ஒர்க்‌ஷாப் பக்கம்தானே, மெதுவா போயிடலாம்" என்று நினைக்காதீர்கள். அங்கேயே நிறுத்துங்கள்.

மூன்று முள்ளையும் சேர்த்துப் பார்க்கப் பழகிக்கொள்ளுங்கள். என் அண்ணன் ஹெட்டை மாற்றிய கையோடு மூன்றையும் மாட்டிவிட்டார். போன மாதம் மலை ஏறும்போது வோல்ட் 14-லிருந்து 12-க்கு இறங்கியிருக்கிறது; கொஞ்ச நேரத்தில் டெம்பரேச்சர் ஏற ஆரம்பித்திருக்கிறது. அவருடைய வண்டியில் ஆல்டர்னேட்டர், தண்ணீர் பம்ப், ஃபேன் மூன்றையும் சுற்றுவது ஒரே பெல்ட். நிறுத்திப் பார்த்தால் பெல்ட் அறுந்து கிடந்தது. எஞ்சின் ஆறும் வரை காத்திருந்து, சீட்டுக்கு அடியில் வைத்திருந்த மாற்றுப் பெல்ட்டைப் போட்டுக்கொண்டு ஒரு மணி நேரத்தில் வீடு வந்து சேர்ந்தார். மறுநாள் கேரட் மண்டிக்கு இறங்கியது.