திரையில் தமிழ்

கோவையிலிருந்து ஆனைகட்டி வழியே மேற்கே சென்றால் கேரளத்துப் பாலக்காடு மாவட்டம் தொடங்குகிறது. அங்கும் இடுக்கியிலும் தமிழ்வழி பயிலும் பிள்ளைகள் உளர். அம்மாநிலப் பள்ளிக் கணினிகளில் உபுண்டுவை அடிப்படையாகக் கொண்ட கட்டற்ற மென்பொருள் இயங்குகிறது. உங்கள் இல்லத்துக் கணினியிலும் உபுண்டுவை விலையின்றி நிறுவலாம்.

அதன் இடப்புறப் பட்டியில் அன்றாடம் வேண்டும் செயலிகளை மட்டும் வரிசையாக நிறுத்துக. நீக்கியவை அழிந்துவிடா, பட்டியினின்று மறையும், அவ்வளவே. சூப்பர் விசையுடன் 1 என்னும் எண்ணை அழுத்தினால் முதற்செயலி திறக்கும். 2 இரண்டாவதைத் திறக்கும். ஆல்ட், டேப் விசைகள் திறந்துள்ள செயலிகளுக்கிடையே மாற்றித் தரும்.

அமைப்புகளில் மொழியைத் தமிழாக்கினால் பட்டியல்கள் பலவும் தமிழில் தோன்றும். வேற்று மாநிலத்தில் வளரும் குழந்தை நாள்தோறும் காணும் திரையில் தமிழ் இல்லையேல், அதன் தமிழ் வீட்டுப் பேச்சோடு நின்றுவிடும். இன்றே மாற்றிவையுங்கள்.