எழுத்தாளருக்கு இன்னொரு வேலை

காஜாங் என்றதும் சாத்தேதான் நினைவுக்கு வரும். ஆனால் மலாயாவில் வாணிபத்துக்காக முதன்முதலில் ரப்பர் பயிரிட்டதும் இந்த வட்டாரத்தில்தான். 1890களில் இன்ச் கென்னத் தோட்டத்தில் கிண்டர்ஸ்லி சகோதரர்கள் அதைத் தொடங்கினார்கள். தோட்டம் வந்தது, தமிழர் வந்தனர், தோட்டப் பள்ளி வந்தது. மலேசியத் தமிழ் எழுத்தாளர் பலரின் பிழைப்பு அந்தப் பள்ளியில்தான் ஆரம்பமானது.

கதை எழுதி மட்டுமே குடும்பம் நடத்திய தமிழர் இந்நாட்டில் அரிது. அ. ரெங்கசாமி ஆசிரியராக இருந்தவர். சயாம் மரண ரயில்பாதையை நாவலாக்கினார். அவருடைய ‘லங்காட் நதிக்கரை’யின் பெயரிலுள்ள ஆறு காஜாங் வழியாகத்தான் ஓடுகிறது. ரெ. கார்த்திகேசு வானொலி, தொலைக்காட்சியில் பணியாற்றிவிட்டுப் பினாங்கில் பல்கலைக்கழகப் பேராசிரியரானார். நாவல்களும் சிறுகதைகளும் வேலைக்கு இடையே எழுதியவை. ப. சிங்காரம் மேடானில் வட்டிக்கடையில் வேலை பார்த்தார். பிறகு பல ஆண்டுகள் மதுரையில் ‘தினத்தந்தி’ அலுவலகம். அந்த வட்டிக்கடை வாழ்க்கை இல்லையென்றால் 1972இல் வெளிவந்த ‘புயலிலே ஒரு தோணி’யும் இல்லை.

இது தமிழுக்கு மட்டும் வந்த சாபமா? மெக்சிகோவின் ஹுவான் ருல்ஃபோவைப் பாருங்கள். ஸ்பானிய இலக்கியத்தையே திருப்பிப் போட்ட அவர், 1940களின் பிற்பகுதியில் டயர் கம்பெனியில் சேர்ந்தார். ஊர் ஊராகப் போய் டயர் விற்றார். (ரப்பரை நன்கு அறிந்த காஜாங்வாசிகள் இதைக் கேட்டுச் சிரித்துக்கொள்ளலாம்.) பயணத்தில் புகைப்படமும் எடுத்தார். 1953இல் ஒரு சிறுகதைத் தொகுப்பு, 1955இல் ஒரு சிறிய நாவல். அவருடைய புகழுக்கு அந்த இரண்டே போதுமானதாக இருந்தது.

ஓவியர் கதையும் இதுதான். அர்ஜென்டினாவின் கீனோ வரைந்த ‘மஃபால்டா’ என்ற சிறுமி, 1963இல் வீட்டு மின்சாதன விளம்பரத்துக்காகப் பிறந்தவள். விளம்பரம் வரவில்லை. அடுத்த ஆண்டு வார இதழில் இடம் கிடைத்தது, உலகம் சுற்றினாள். தமிழ்நாட்டில் கோபுலுவும் ‘ஆனந்த விகட’னில் பேர் வாங்கிய பிறகு விளம்பரத் துறைக்குத்தான் போனார்.

வேறுபாடு சந்தையில் இருக்கிறது. ஸ்பானியம் இருபது நாடுகளின் ஆட்சிமொழி. மெக்சிகோவில் அச்சான நூலுக்கு அர்ஜென்டினாவில் வாசகர் உண்டு. இங்கே அச்சான தமிழ் நூலோ வெளியீட்டு விழாவிலேயே விற்றால்தான் உண்டு. மீதிப் பெட்டிகள் எழுத்தாளரின் கார் பூட்டில் கிடக்கும். 1924இல் தொடங்கிய ‘தமிழ் நேசன்’ 2019இல் நின்றபோது, கதையும் கவிதையும் வந்துகொண்டிருந்த பக்கங்களும் போயின.

ஆனாலும் பொன்னாடைக்குக் குறைவில்லை. சால்வைகளை அடுக்கி வைக்கவே தனி அலமாரி வேண்டும். அடுத்த முறை பள்ளியோ சங்கமோ எழுத்தாளரை அழைத்தால், அந்தக் காசுக்கு அவர் புத்தகங்களை வாங்கட்டும். பெட்ரோல் செலவையும் கேட்காமலே கொடுக்கட்டும். வாங்கிய புத்தகத்தில் அட்டைப்படம் வரைந்தவர் பெயர் இருக்கிறதா என்றும் தேடிப் பாருங்கள். இல்லையென்றால் பதிப்பாளரைக் கூப்பிட்டுக் கேளுங்கள்.