மாமனார் சொல்லைக் கேட்ட மோசே



விடுதலைப் பயண நூல் 18-ஆம் அதிகாரத்தில், மோசேயைப் பார்க்க அவருடைய மாமனார் இத்திரோ வருகிறார். மறுநாள் மோசே மக்களின் வழக்குகளைத் தீர்க்க அமர்கிறார். காலைமுதல் மாலைவரை மக்கள் அவரைச் சுற்றி நின்றுகொண்டே இருக்கிறார்கள். இத்திரோ மருமகனைப் பாராட்டவில்லை. இப்படியே போனால் அவரும் தளர்ந்துபோவார், அவரோடு இருக்கும் மக்களும் தளர்ந்துபோவார்கள் என்று எச்சரிக்கிறார்.

மக்களும் தளர்வார்கள் என்றதை நாம் கவனிக்க வேண்டும். ஒருவரே எல்லாவற்றையும் சுமக்கும்போது அவர் மட்டும் களைப்பதில்லை. வாய்ப்புக்குக் காத்து நிற்பவர்களும் சலித்து ஒதுங்கிவிடுகிறார்கள்.

நம் பங்குகளைப் பார்ப்போம். வாரமெல்லாம் பள்ளிபாளையத்தில் விசைத்தறி ஓட்டுகிறவர் ஞாயிறு அதிகாலையில் கோவிலைத் திறக்கிறார். பாடகர் குழு, மறைக்கல்வி வகுப்பு, மாலையில் அன்பியக் கூட்டம், திருவிழா வந்தால் வரவு செலவுக் கணக்கு, எல்லாம் அவர் தலையில்தான். "அவர் பார்த்துக்கொள்வார்" என்று நாம் நிம்மதியாக இருக்கிறோம். சில ஆண்டுகளில் அவர் சிறு சொல்லுக்கும் கோபப்படுகிறார். வீட்டில் பேச்சு குறைகிறது. செபம் குறைகிறது. ஒரு நாள் பூசைக்கு வருவதையே நிறுத்திவிடுகிறார். விசுவாசம் குளிர்ந்துவிட்டது என்கிறோம். நாம் அவரைத் தனியே விட்டதை யாரும் சொல்வதில்லை.

நம் மண்ணில் விசுவாசம் வேரூன்றிய வழி வேறு. 1623-இல் தத்துவ போதகர் இராபர்ட் தே நொபிலி மதுரையிலிருந்து புறப்பட்டு, சேந்தமங்கலம், சேலம் பகுதிகளுக்கு வந்தார். பரந்து கிடந்த மதுரை மறைத்தளத்தில் குருக்கள் மிகச் சிலரே. ஓர் ஊருக்குக் குரு எப்போதாவதுதான் வர முடிந்தது. இடைப்பட்ட நாள்களில் செபம் சொல்லிக்கொடுத்து, விசுவாசிகளைத் தாங்கியவர்கள் உபதேசியார்கள். பல கைகள் பகிர்ந்ததால்தான் பணி நிலைத்தது.

நாமக்கல் லாரிக்காரர்களுக்கு இது புதிதல்ல. தொலைதூர ஓட்டத்துக்கு மாற்று ஓட்டுநரும் ஏறிக்கொள்கிறார். ஒருவர் ஓட்ட, ஒருவர் தூங்குகிறார். தூங்குகிறவரைச் சோம்பேறி என்று யாரும் சொல்வதில்லை. அவர் தூங்கினால்தான் வண்டி ஊர் போய்ச் சேரும்.

இயேசுவும் சீடர்களை இருவர் இருவராகவே அனுப்பினார். உண்ணவும் நேரமின்றித் திரும்பியவர்களைத் தனிமையான இடத்துக்கு ஓய்வெடுக்க அழைத்தார் (மாற்கு 6). பணி செய்யச் சொன்னவரே ஓய்வெடுக்கவும் சொல்கிறார்.

எனவே இந்த வாரம் நாம் மூன்று காரியங்களைச் செய்வோம். ஒவ்வொரு பொறுப்புக்கும் இரண்டாவது ஆளைச் சேர்ப்போம். அவர் நம்மைப்போல் செய்யாவிட்டாலும் பொறுத்துக்கொள்வோம். பொறுப்புக்குக் கால வரம்பு வைப்போம். விலகுகிறவரை நன்றியோடு அனுப்புவோம், காரணம் கேட்டுத் துளைக்க வேண்டாம். பணி செய்கிறவர் வாரத்தில் ஒரு மாலையையாவது குடும்பத்துக்கென ஒதுக்கட்டும். அன்று கோவில் வேலையாக அவரை அழைக்காதிருப்போம்.

கடவுளோடு பேசிய மோசே, மிதியானின் அர்ச்சகரான மாமனார் சொன்னதைக் கேட்டார். திறமையானவர்களைத் தேர்ந்து பொறுப்பைப் பகிர்ந்தார். தலைமை அதனால் சிறுக்கவில்லை. மக்கள் நிம்மதியாக வீடு திரும்பினார்கள்.

ஆண்டவரே, உமது திராட்சைத் தோட்டம் எங்களுடையதல்ல, உம்முடையது. அதில் சேர்ந்து உழைக்கவும், உம் மடியில் இளைப்பாறவும் எங்களுக்குக் கற்றுத்தாரும். ஆமென்.