முதுமையில் மறதியும் திடீர்க் குழப்பமும்

(திருவிழாவையொட்டி ஆலய மண்டபத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



வீட்டிலுள்ள மூத்தோர் ஒருவர் பேச்சுத் தடுமாறினால், "வயதாகிவிட்டது, அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லி அகன்றுவிடும் வழக்கம் நம் குடும்பங்களில் நெடுங்காலமாக உண்டு. அந்த ஒரு சொல்லுக்குள் இரு வேறு நோய்கள் மறைந்துகிடக்கின்றன. ஒன்று, ஆண்டுக்கணக்கில் மெல்ல வளரும் முதுமை மறதி நோய். மருத்துவர்கள் இதனை டிமென்ஷியா என்பர். மற்றொன்று, சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ தோன்றும் திடீர்க் குழப்பம். இதற்கு டெலிரியம் என்று பெயர். முதலாவதைக் கொண்டவருக்குத் துணையும் பொறுமையும் தேவை. இரண்டாவது நெருக்கடி நிலை. அதனை மறதி என்று எண்ணி வீட்டிலேயே வைத்திருந்தால் உயிருக்கே ஆபத்தாக முடியலாம்.

எழுபத்தெட்டு வயது மூதாட்டி ஒருவரை எண்ணிப் பாருங்கள். திருவிழா வாரம், விரதம் இருக்கிறார். நாள் முழுதும் மண்டபத்தில் பூத்தொடுக்கிறார். கழிவறை தொலைவில் இருப்பதால் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்கிறார். (மூதாட்டியர் பலர் இவ்வாறு செய்வது ஆலயத்திற்கு வருவோர் அனைவரும் அறிந்ததே.) சளி பிடிக்கிறது, கடையில் வாங்கிய மாத்திரையை இரண்டு நாள் விழுங்குகிறார். மூன்றாம் இரவு, மகளைப் பார்த்து இறந்துபோன தங்கையின் பெயர் சொல்லி அழைக்கிறார். மூலையில் குழந்தைகள் நிற்பதாகக் கூறுகிறார். எழுந்து வெளியே போக முயல்கிறார். காலையில் தெளிவாகப் பேசுகிறார். அந்தி சாய்ந்ததும் மறுபடியும் அதே நிலை.

இந்நேரத்தில் உறவினர் கூடி, "ஏதோ அண்டிவிட்டது" என்று முடிவு கட்டுவது இன்றும் நடக்கிறது. திருநீறு பூசுவதிலோ அர்ச்சனை செய்வதிலோ குற்றமில்லை. அதற்குப் பின் மந்திரிப்பவரைத் தேடி இரண்டு நாள் அலைவதுதான் தீங்கு. அம்மூதாட்டியின் உடலில் நீர் வற்றியிருக்கலாம். சிறுநீர்ப்பாதையில் தொற்றுக் கிருமி பரவியிருக்கலாம். முதியோருக்குத் தொற்று ஏற்படும்போது காய்ச்சலும் எரிச்சலும் வராமலே போகக்கூடும். சித்தம் கலங்குவதே வெளியில் தெரியும் ஒரே அறிகுறியாக இருக்கும்.

டெலிரியத்திற்குப் பெரும்பாலும் ஒரே காரணம் இருப்பதில்லை. பல சிறு காரணங்கள் ஒன்று சேர்ந்து தாக்குகின்றன. நிமோனியா, இரத்தத்தில் சோடியம் குறைதல், சர்க்கரை அளவு மிகத் தாழ்தல் அல்லது மிக உயர்தல், சிறுநீர் அடைப்பு, நாட்பட்ட மலச்சிக்கல், தாங்கமுடியாத வலி, இடுப்பெலும்பு முறிவும் அதற்கான அறுவை சிகிச்சையும் என்று பட்டியல் நீளும். மருந்துகளுக்கு இதில் பெரும் பங்குண்டு. தூக்க மாத்திரை, சளிக்கும் அரிப்புக்கும் கடைகளில் எளிதில் கிடைக்கும் உறக்கம் தரும் பழைய வகை மாத்திரைகள் ஆகியவை இளையோருக்குத் தீங்கற்றவையாகத் தோன்றினும் முதியோரின் மூளையைக் குழப்பவல்லவை. நாள்தோறும் மது அருந்தி வந்தவர் மருத்துவமனையில் சேர்ந்ததும் அது திடீரென நின்றுபோக, இரண்டு மூன்று நாளில் நடுக்கமும் பிதற்றலும் தோன்றுவதுண்டு. வெட்கப்பட்டு அவ்வழக்கத்தை மருத்துவரிடம் மறைக்கும் குடும்பங்கள் நோயாளிக்கே கேடு விளைவிக்கின்றன.

கூச்சலிடுபவரை எல்லாரும் கவனிப்பர். ஆனால் டெலிரியத்தில் அமைதியான வகையும் உண்டு. எப்போதும் பேசிக்கொண்டிருப்பவர் திடீரென ஒடுங்கிப் படுத்துவிடுவார். உணவை வாயில் வைத்தபடியே கண் சொருகுவார். கேட்ட கேள்விக்கு நெடுநேரம் கழித்து ஒரு சொல் வரும். "இன்றைக்குத் தொந்தரவில்லாமல் இருக்கிறார்" என்று வீட்டார் மகிழ்வர். இவ்வகையே கண்ணில் படாமல் தப்பிவிடுகிறது. கிழமைகளைச் சனியிலிருந்து பின்னோக்கிச் சொல்லச் சொன்னால், நேற்றுவரை சொல்லக்கூடியவராக இருந்தவர் இன்று இரண்டாவது நாளிலேயே தொலைந்துபோவார். கவனம் சிதறுவதே இந்நோயின் அடையாளம்.

இதில் கணிசமான பகுதியைத் தடுக்க இயலும் என்பது ஆறுதலான செய்தி. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தார் 1999இல் வெளியிட்ட ஆய்வில், மருத்துவமனையில் சேர்ந்த எழுபது வயதைக் கடந்த 852 பேர் இடம்பெற்றனர். வழக்கமான கவனிப்புப் பெற்றோரில் நூற்றுக்குப் பதினைந்து பேருக்கு டெலிரியம் வந்தது. தனிக்கவனிப்புப் பெற்றோரில் பத்துப் பேருக்கும் சற்றுக் குறைவாகவே வந்தது. அத்தனிக்கவனிப்பு விலையுயர்ந்த மருந்தன்று. மூக்குக்கண்ணாடியும் காதொலிக் கருவியும் கையருகே இருத்தல், தண்ணீர் கொடுத்தல், கைபிடித்து நடக்கவைத்தல், இன்று என்ன நாள், இருப்பது எந்த இடம் என்று நினைவூட்டிப் பேசுதல், இரவில் இடையூறின்றி உறங்கவிடுதல் ஆகியவையே. மருத்துவமனைக் கட்டிலருகே அமரும் மகனோ மருமகளோ இவற்றில் பலவற்றைச் செய்துவிடலாம்.

இனி, மெல்ல வளரும் மறதி நோய். ஜெர்மானிய மருத்துவர் அலோயிஸ் அல்ஷைமர், தாம் பிராங்பர்ட் நகரில் கவனித்துவந்த ஒரு பெண்மணியின் மூளையில் கண்ட மாற்றங்களை 1906இல் எடுத்துரைத்தார். அவர் பெயராலேயே இந்நோயின் மிகப் பரவலான வகை இன்றும் வழங்குகிறது. அடுத்த முக்கிய வகை, மூளையின் இரத்தக் குழாய்கள் அடைபட்டும் சிதைந்தும் வருவது. மலேசியாவில் 2018இல் நடத்தப்பெற்ற தேசிய சுகாதார ஆய்வு, அறுபது வயதைக் கடந்தோரில் 8.5 விழுக்காட்டினருக்கு மறதி நோய் இருக்கக்கூடும் எனக் கண்டது. சிங்கப்பூரில் 2013இல் ஏறத்தாழ பத்து விழுக்காடாக இருந்த அளவு, 2023இல் 8.8 ஆகக் குறைந்தது. இந்நோய் தவிர்க்கவே முடியாத விதியன்று என்பதை இந்தச் சரிவு உணர்த்துகிறது.

2024இல் லான்செட் மருத்துவ இதழின் ஆணையம், மாற்றியமைக்கத்தக்க பதினான்கு காரணங்களைச் சுட்டியது. அவற்றை முற்றும் களைய முடிந்தால் உலகில் ஏற்படும் மறதி நோயில் ஏறக்குறைய 45 விழுக்காட்டைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ கூடும் என்பது அதன் கணிப்பு. அவற்றுள் சில நம் சமுதாயத்தின் கதவை நேரே தட்டுகின்றன. இனிப்பு நீர் மலேசிய இந்தியரிடையே பிற இனத்தாரைவிட மிகுதி. இரத்த அழுத்தமும் கொலஸ்ட்ராலும் அதனோடு சேர்ந்தே வருகின்றன. நடு வயதில் இவற்றைக் கட்டுப்படுத்துவதே முதுமையில் மூளைக்குக் காவல். ஆகவே இப்பேச்சு பாட்டிமாருக்கு மட்டும் உரியதன்று. நாற்பதைத் தாண்டிய பிள்ளைகளுக்கும் உரியது. தோட்டத்தில் பால் வெட்டப் போனதால் பள்ளியைப் பாதியில் விட்ட தலைமுறைக்குக் கல்விக் குறைவும் ஒரு காரணமாகச் சேர்கிறது. சம்சு குடித்து அழிந்த குடும்பங்களின் கதையைப் புதிதாகச் சொல்லவேண்டியதில்லை.

காது கேளாமையை எவரும் பொருட்படுத்துவதில்லை. அது அப்பதினான்கில் முதல் வரிசையில் நிற்கிறது. காது மங்கியவர் பேச்சிலிருந்து ஒதுங்குகிறார். பிறகு மக்களிடமிருந்தே ஒதுங்குகிறார். தனிமையும் ஒரு காரணமாகிறது. கண்ணாடி அணிய நாணாதவர் காதொலிக் கருவிக்கு மட்டும் நாணுவது விந்தையே.

மறதி என்றவுடன் நம்பிக்கையிழக்கவும் வேண்டாம். நெடுங்காலம் சைவ உணவு மட்டும் உண்போருக்கும், நீரிழிவுக்கு மெட்ஃபார்மின் மாத்திரையைப் பல ஆண்டுகள் உட்கொள்வோருக்கும் பி12 வைட்டமின் குறையக்கூடும். அதுவும், தைராய்டு சுரப்பு மந்தமும், மனச்சோர்வும் மறதி நோயைப் போலவே தோற்றமளிக்கும். பரிசோதனையும் சிகிச்சையும் இவற்றுக்கு உண்டு. சைவத்தை விடவேண்டியதில்லை, வைட்டமினை மாத்திரையாகவோ ஊசியாகவோ பெறலாம்.

மறதி நோய் உள்ளவருக்கே டெலிரியம் எளிதில் வருகிறது. டெலிரியம் கண்டவருக்குப் பின்னாளில் மறதி விரைந்து முற்றுகிறது. ஆதலால் ஏற்கெனவே மறதியுள்ள தந்தை இரண்டு நாளில் திடீரென மோசமானால், பழைய நோய் என்று விட்டுவிடலாகாது. மலேசியாவில் 999, சிங்கப்பூரில் 995 என்ற எண்ணை அழைத்து, அவசரப் பிரிவுக்குக் கொண்டுசெல்லுங்கள். வீட்டிலுள்ள மாத்திரைகள், மருந்துக்கடைச் சளி மருந்து, நாட்டு மருந்துப் பொட்டலம் அனைத்தையும் ஒரே பையில் போட்டு எடுத்துச்செல்லுங்கள். அங்கே மருத்துவர் முதியவரைப் பார்த்து, "இவர் எப்போதும் இப்படித்தானா?" என்று கேட்பார். "இல்லை, செவ்வாய்க்கிழமைவரை தாமே குளித்தார், பத்திரிகை படித்தார்" என்று நாளைக் குறிப்பிட்டுச் சொல்லுங்கள். அவ்விடையை எந்தக் கருவியாலும் மருத்துவருக்குத் தர முடியாது. உடன் வாழ்பவரால் மட்டுமே முடியும்.