புருனெலெஸ்கியும் அவர் பொறிகளும்

இத்தாலி நாட்டுப் புளோரன்ஸ் நகரின் நடுவே, 1418ஆம் ஆண்டில், மாபெரும் ஆலயமொன்று கூரை முற்றுப்பெறாது நின்றது. 1296இல் தொடங்கிய திருப்பணி அது. மூன்று நான்கு தலைமுறையினர் உழைத்துச் சுவர்களை எழுப்பிவிட்டனர்; தூண்களையும் நிறுத்திவிட்டனர். பலிபீடத்துக்கு மேலேயுள்ள எண்கோண வாய் மட்டும் வானை நோக்கித் திறந்தே கிடந்தது. அவ்வாயின் அகலம் 40 மீற்றருக்கு மேல்; அதன் விளிம்போ நிலத்திலிருந்து 50 மீற்றருக்கு மேல் உயர்ந்திருந்தது. அதனை மூடுதற்குரிய குவிமாடத்தின் வடிவத்தை நகரத்தார் 1367ஆம் ஆண்டிலேயே தீர்மானித்துவிட்டனர். வெளியே முட்டுச்சுவர்கள் அமைத்து அதனைத் தாங்குதல் ஆகாது என்றும் முடிவு செய்திருந்தனர். எவ்வாறு கட்டுவது என்பதை மட்டும் எவரும் அறியார். பின்வரும் தலைமுறையில் யாரேனும் ஒருவர் வழி காண்பார் என்னும் துணிவிலேயே வேலை நடந்துவந்தது. வணிகத்திலே காசுக்குக் காசு கணக்குப் பார்த்த புளோரன்ஸ் மக்கள் இவ்வொரு விடயத்தில் இத்துணைப் பெரிய கடனைப் பிள்ளைகள் தலையிலே சுமத்தினர் என்பது வியப்புக்குரியது.

வளைவு ஒன்றைக் கட்டுவோர் முதலில் மரத்தினால் அதற்குரிய அச்சைச் செய்து நிறுத்துவர். அதன்மேற் கற்களை அடுக்கி, உச்சிக்கல்லைப் பொருத்திச் சாந்து இறுகியபின் மரத்தை அகற்றுவர். அது வரையில் வளைவு தானே நிற்கும் ஆற்றல் உடையதன்று. புளோரன்ஸ் நகரத்துக் குவிமாடத்துக்கு இவ்வகை அச்சு அமைப்பதாயின் ஒரு காட்டையே வெட்டவேண்டும். வெட்டினும், அத்துணை உயரத்தில் அம்மரச்சட்டம் தன் பாரத்தையே தாங்குமோ என்பது ஐயம். ஆகவே 1418 ஓகஸ்ற் மாதத்தில் ஆலயப் பணியாளர் போட்டியொன்றை அறிவித்தனர். சிறந்த மாதிரியைச் செய்து காட்டுபவருக்கு 200 பொற்காசு பரிசு.

அச்சே வேண்டாம் என்று ஒருவர் வந்து கூறினார். அவர் பெயர் பிலிப்போ புருனெலெஸ்கி.

அவர் கட்டடத் தொழிலைப் பயின்றவர் அல்லர். 1377இற் பிறந்த அவரைத் தம்மைப்போல் நொத்தாரிசு ஆக்கவேண்டுமென்பதே தந்தையார் விருப்பம். பிள்ளையின் கைகளோ வேறு வழியிற் சென்றன. அவர் பொற்கொல்லரிடம் தொழில் கற்றார். பொற்கொல்லரும் உறுப்பினராயிருந்த பட்டுத் தொழிலாளர் கழகத்தில் 1398இற் சேர்ந்தார். மணிக்கூடுகள் செய்வதிலும் அவர் ஈடுபட்டார் என்று அவருடைய வரலாற்றை எழுதிய அன்டோனியோ மனெற்றி கூறுவர். பற்சில்லும் சுருள்வில்லும் அவருக்கு இளமையிலேயே பழக்கமாயின. பின்னாளில் நிகழ்ந்தவற்றை நோக்குமிடத்து, கோயிலும் மாளிகையும் கட்டிய கொத்தர் எவரிடமும் பெறமுடியாத கல்வி அது எனல் வேண்டும்.

1401ஆம் ஆண்டில் ஆலயத்துக்கு எதிரேயுள்ள ஞானஸ்நானக் கோயிலுக்கு வெண்கலக் கதவுகள் செய்யும் போட்டி நடந்தது. ஆபிரகாம் தன் மகன் ஈசாக்கைப் பலியிட முனைந்த காட்சியை ஒவ்வொருவரும் வெண்கலத் தகட்டில் வடித்துக் காட்டவேண்டும். இறுதியில் எஞ்சியோர் இருவர்: புருனெலெஸ்கி, லொரென்சோ கிபேர்ட்டி. அவ்விருவர் தகடுகளும் இன்றும் புளோரன்ஸ் நகரின் பார்கெல்லோ அரும்பொருட்சாலையில் உள்ளன. பணி கிபேர்ட்டிக்கே சென்றது. தம்மை எல்லோரும் ஒருமுகமாகத் தெரிந்தெடுத்தனர் என்று கிபேர்ட்டி எழுதிவைத்தார். இருவரும் சேர்ந்து செய்யுமாறு கேட்கப்பட்டதாகவும் புருனெலெஸ்கி அதனை மறுத்ததாகவும் மனெற்றி எழுதினார். எது உண்மையாயினும், கூட்டு வேலை என்றால் இவருக்கு ஆகாது என்பது பின்னர் பலமுறை தெளிவாயிற்று.

அதன்பின் அவர் சிற்பி டொனற்றெல்லோவுடன் உரோமாபுரிக்குச் சென்று, இடிந்து கிடந்த பண்டைக் கட்டடங்களை அளந்தார் என்பர். மண்ணைத் தோண்டிக்கொண்டு திரிந்த அவ்விருவரையும் ஊரார் புதையல் தேடுவோர் எனக் கருதினராம். கட்டடங்களை அளந்து பழகிய அக்கண்களே மற்றொரு சோதனைக்கும் வழிகாட்டின. ஞானஸ்நானக் கோயிலின் தோற்றத்தை அவர் ஒரு சிறு பலகையில் வரைந்தார். வானத்துக்கு வண்ணம் பூசாது மினுக்கிய வெள்ளித் தகட்டைப் பதித்தார். பின்பு பலகையில் ஒரு துளையிட்டு, அதன் பின்புறத்தே கண்ணை வைத்து, எதிரே பிடித்த கண்ணாடியில் ஓவியத்தின் நிழலைப் பார்க்கச் செய்தார். உண்மைக் கோயிலுக்கும் வரைந்த கோயிலுக்கும் வேறுபாடு தெரியவில்லை. வெள்ளியிலே மெய்யான மேகங்கள் நகர்ந்தன. தொலைவிலுள்ளவை எவ்வளவு சிறுத்துத் தோன்றும் என்பதைக் கணக்கினால் அறுதியிடலாம் என்பதற்கு அது சான்று. ஐரோப்பிய ஓவியம் அதன்பின் வேறு வழியிற் சென்றது. அப்பலகை இன்று இல்லை.

இத்தகையவரே 1418இற் சபைமுன் நின்றார். எவ்வாறு கட்டுவீர் என்று கேட்டபோது முழு விளக்கம் தர மறுத்தார். வாக்குவாதம் முற்றி, அவரைப் பித்தரென இகழ்ந்து, காவலாளரைக்கொண்டு தூக்கி வெளியேற்றினர் என்று மனெற்றி கூறுவர். எனினும் செங்கல்லாலும் சாந்தாலும் அச்சின்றி அவர் கட்டிக்காட்டிய மாதிரி அவருக்காகப் பேசியது. 1420இல் வேலை அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. ஆனால் தனியே அன்று. கிபேர்ட்டியையும் சம அதிகாரத்தோடும் சம சம்பளத்தோடும் உடன் நியமித்தனர்.

அச்சின்றிக் கட்டிய விதம் யாது? குவிமாடம் ஒன்றல்ல, ஒன்றனுள் ஒன்றாக இரண்டு. உள்ளோடு தடித்தது, வெளியோடு மெல்லியது, இடையே ஏறிச்செல்லும் படிகள். கீழ்நோக்கி அழுத்தும் பாரம் பக்கங்களைப் பிளந்துவிடாதபடி, பீப்பாவுக்கு இரும்பு வளையம் இடுவதுபோல், நீண்ட கற்களை இரும்பினாற் பிணைத்துச் சங்கிலிகளாகச் சுற்றிலும் புதைத்தார். செங்கற்களையோ எல்லாம் படுக்கையாக அடுக்காமல், இடையிடையே நிமிர்த்தி, மீன்முள்போன்ற ஒழுங்கிலே சாய்வரியாக வைத்தார். நிமிர்ந்த செங்கற்கள் படுத்தவற்றை நழுவாது பிடித்துக்கொள்ளும். ஒவ்வொரு சுற்றும் முடிந்தவுடன் அது தன்னைத் தானே தாங்கும் வளையமாகிவிடும். அடுத்த சுற்றுக்கு அதுவே அடித்தளம். இவ்வாறு 40 இலட்சத்துக்கு மேற்பட்ட செங்கற்கள் ஏறின.

ஏறின என்று சொல்வது எளிது. ஏற்றியது எது? பல தொன் நிறையுள்ள கல்லை 50 மீற்றருக்கு மேலே தூக்கி, குறித்த இடத்தில் மெல்ல இறக்குதற்குரிய பொறி அந்நாளில் இல்லை. மனிதர் உள்ளே நடந்து சுழற்றும் பழைய சில்லு இவ்வேலைக்குப் போதாது. எனவே குவிமாடத்தைக் கட்டுமுன் புருனெலெஸ்கி பாரந்தூக்கியைக் கட்டவேண்டியவரானார்.

ஆலயத்தினுள்ளே நிலத்தில் அது நின்றது. நுகத்திற் பூட்டிய எருதுகள் வட்டமாக நடந்து நெடுந்தண்டு ஒன்றைச் சுழற்றின. அத்தண்டில் மேலொன்றும் கீழொன்றுமாக இரண்டு பற்சில்லுகள். பெருந் திருகாணி ஒன்றினால் தண்டை உயர்த்தினால் ஒரு சில்லும், தாழ்த்தினால் மற்றைச் சில்லும் கயிறு சுற்றும் உருளையின் பற்களோடு பொருந்தும். மேற்சில்லு பொருந்தும்போது உருளை ஒரு திசையிலும், கீழ்ச்சில்லு பொருந்தும்போது எதிர்த் திசையிலும் சுழலும். ஆகவே பாரத்தை ஏற்றியபின் இறக்குவதற்காக எருதுகளை அவிழ்த்துத் திருப்பிப் பூட்டவேண்டியதில்லை. அவை ஒரே திசையில் நடந்துகொண்டேயிருக்கும். எருது பின்னோக்கி நடவாது என்பது உழவர் எவரும் அறிந்த செய்தி. அதனைப் பொறியின் கணக்கிலே சேர்த்துக்கொண்டமைதான் இதில் நுட்பம். உருளைகளும் பருமனில் வேறுபட்டிருந்தன. மிகுந்த பாரத்தை மெதுவாகவும் சிறு பாரத்தை விரைவாகவும் ஏற்றலாம். பற்கள் தேயாதிருக்க அவற்றையே சுழலும் சிறு உருளைகளாக அமைத்தார். மணிக்கூடு செய்த கைகள் இப்போது மணிக்கூட்டைப் பன்மடங்கு பெருக்கி எருதுகளிடம் ஒப்படைத்தன என்று கூறினும் தவறாகாது.

கிபேர்ட்டியின் பங்கு நாளடைவிற் குறைந்தது. ஒருமுறை புருனெலெஸ்கி நோயென்று படுத்துக்கொண்டு, துணைவரே வேலையை நடத்தட்டும் என விட்டுவிட்டார் என்றும், கிபேர்ட்டி வழி தெரியாது திகைத்தார் என்றும் வசாரி எழுதிய கதை பெயர்பெற்றது. கதை எப்படியாயினும் கணக்கேடு பொய் சொல்லாது. 1426இற் புருனெலெஸ்கியின் ஆண்டுச் சம்பளம் 100 பொற்காசாக உயர்ந்தது. கிபேர்ட்டியினது 36இலேயே நின்றது.

நேயர்கள் ஒரு வினாவை எழுப்பலாம். இத்துணை அறிவுடையவர் தம் முறையை ஏன் ஒளித்தார்? பிறர் களவாடுவர் என்ற அச்சமே காரணம். கண்டுபிடித்தவனை முதலில் நகைப்போரே பின்னர் அவன் கண்டதைத் தம்முடையதென்பர். ஆகவே பலரிடமும் சொல்லற்க என்னும் கருத்துப்பட அவர் கூறியதைச் சியெனா நகரத்துத் தக்கோலா என்பார் குறித்துவைத்துள்ளார். 1421ஆம் ஆண்டில் ஆர்ணோ ஆற்றிலே பாரமேற்றிச் செல்லும் புதுவகைக் கப்பலொன்றை அவர் வகுத்தபோதும், உரிய பாதுகாப்பின்றி அதனை வெளியிட மறுத்தார். நகர ஆட்சியாளர் இணங்கினர். மூன்றாண்டுக்கு அவரையன்றி எவரும் அத்தகைய கலம் செய்தல் ஆகாது. செய்தால் அது எரிக்கப்படும் என ஆணை பிறந்தது. உலகில் வழங்கப்பட்ட முதல் ஆக்கவுரிமைகளுள் ஒன்றாக இதனை வரலாற்றாசிரியர் எண்ணுவர்.

உரிமை பெற்ற அக்கலத்தின் கதியோ இரங்கத்தக்கது. மக்கள் அதற்குப் பூதமென்னும் பொருள்பட ‘பாடலோனே’ என்று பெயரிட்டனர். 1428இல் அது குவிமாடத்துக்காகப் பீசாவிலிருந்து ஏறத்தாழ 100 தொன் வெண் சலவைக்கல்லை ஏற்றிவந்தது. புளோரன்ஸை அடையாமலே எம்போலி நகருக்கு அண்மையிற் கல்லை ஆற்றுக்குப் பறிகொடுத்தது. நட்டத்தின் பெரும்பகுதி அவர் தலையில் விழுந்தது. இரண்டாண்டின் பின், புளோரன்ஸ் படை லூக்கா நகரை முற்றுகையிட்டபோது, செர்க்கியோ ஆற்றை மறித்து அந்நகரை நீர் சூழச் செய்யும் திட்டத்தை அவர் வகுத்தார். லூக்கா மக்கள் இரவில் வந்து அணையை வெட்டிவிட, வெள்ளம் புளோரன்ஸ் பாசறைக்குள்ளேயே புகுந்தது. ஆற்றோடு அவருக்கு இராசி இல்லை போலும்!

கல்லோடு இருந்தது. பட்டுத் தொழிலாளர் கழகத்துக்காக 1419இற் கைவிடப்பட்ட குழந்தைகளுக்கென ஓர் இல்லத்தை அவர் தொடங்கினார். மெல்லிய தூண்களின்மேல் ஒன்பது வளைவுகள் வரிசையாய் நிற்கும் அதன் முகப்பிலே படாடோபம் சிறிதுமில்லை. குழந்தையைக் கொண்டுவந்து விடும் தாய் அஞ்சாது ஏறக்கூடிய படிகள் அவை.

1434இல் ஒரு வேடிக்கை நிகழ்ந்தது. கொத்தர் கழகத்துக்குரிய சந்தாவைச் செலுத்தவில்லை என்று அக்கழகத்தார் அவரைச் சிறையிலிட்டனர். குவிமாடமோ மூடுந் தறுவாயில் நிற்கிறது, கட்டுபவரோ சிறையில்! ஆலயப் பணியாளர் தலையிட்டுச் சில நாளில் அவரை மீட்டனர்.

1436 மார்ச் 25ஆம் நாள் பாப்பரசர் நாலாம் யூஜீனியஸ் ஆலயத்தை அபிடேகஞ் செய்தார். அவ்வாண்டு ஓகஸ்றில் குவிமாடம் மூடப்பட்டது. உச்சியில் அமையவேண்டிய விளக்குமாடத்துக்கு மீண்டும் ஒரு போட்டி வைத்தனர். பதினாறாண்டு தம் கண்முன்னே கட்டிக்காட்டியவரையும் போட்டியிடச் செய்தது நகரத்தார் வழக்கம்போலும். அதிலும் அவரே வென்றார். விளக்குமாடத்தின் வேலை தொடங்கிச் சில காலத்துள், 1446 ஏப்பிரல் 15ஆம் நாள், அவர் காலமானார். அவ்வாலயத்திலேயே அடக்கஞ் செய்யப்பட்ட அவர் கல்லறை பின்னர் மறக்கப்பட்டு, 1972இல் நடந்த அகழ்வின்போது தரைக்குக் கீழே கண்டெடுக்கப்பட்டது.

பொறிகளைப் பற்றி அவர் ஏடொன்றும் விட்டுச்செல்லவில்லை. அவர் போனபின்னும் அவை ஆலயத்தில் வேலை செய்தன. 1471இல் விளக்குமாடத்தின் உச்சியிலே செப்புக் கோளத்தை வெறொக்கியோ ஏற்றிவைத்தார். அவர் பட்டறையிற் பயின்ற லியொனார்டோ டா வின்சி அப்பொறிகளைத் தம் குறிப்பேட்டில் வரைந்தார். லியொனார்டோவின் பெயரோடு நெடுங்காலம் வழங்கிய சில பொறிகள் உண்மையிற் புருனெலெஸ்கியுடையவை என்பதை அறிஞர் பிற்காலத்திலேயே தெளிந்தனர். எருதுகள் சுழற்றிய அப்பாரந்தூக்கியின் பற்களையும் திருகாணியையும் தெளிவாக வரைந்து காத்தோருள் மற்றொருவர் புவொனக்கோர்சோ கிபேர்ட்டி. வெண்கலக் கதவுகளை வென்ற அந்த லொரென்சோ கிபேர்ட்டியின் பேரர் அவர்.