பிணை நின்ற ஐவர்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



எட்டயபுரத்தில் நிகழும் இலக்கியப் பேச்சு எதுவாயினும் அது பாரதியில் தொடங்குவது மரபு. இவ்வுரையும் அம்மரபை மீறவில்லை. ஆயினும் பாரதியின் பாட்டொன்றிலிருந்து இது தொடங்கவில்லை. அயல்மண்ணில் தங்கியிருப்பதற்கு அவருக்குத் தேவைப்பட்ட ஒரு தாளிலிருந்து தொடங்குகிறது.

பொருள் தேடிப் பிரிந்து செல்வதைத் தமிழ் மிகப் பழங்காலத்திலேயே இலக்கியப் பொருளாக்கிவிட்டது. பொருள்வயிற் பிரிவுக்குத் தொல்காப்பியம் இலக்கணமே வகுத்தது. பிரிவு, வழியின் வெம்மை, காத்திருப்பவளின் துயர் ஆகியன அனைத்தும் பாடப்பெற்றுள்ளன. ஆனால், பிரிந்து சென்றவன் சென்ற இடத்தில் எந்தச் சீட்டின் பேரில் தங்கினான், அச்சீட்டில் யார் கையொப்பமிட்டார், கையொப்பமிட்டவருக்கு அவன் என்ன கடன்பட்டான் என்னும் வினாக்கள் கவிதைக்குள் அரிதாகவே வந்துள்ளன. இன்று துபாயிலும் சிங்கப்பூரிலும் உழைக்கும் கரிசல்காட்டு இளைஞனின் இரவு பகல்களை ஆள்பவை இவ்வினாக்களே.

இவற்றைத் தொகுத்துக் காண்பதற்குத் தமிழிலேயே ஒரு சொல் உண்டு. அது 'பிணை' என்பது. பெண்மானைக் குறிக்கும் பொருளை விடுத்தால், இச்சொல் இரண்டைக் குறிக்கும். ஒன்று கட்டு, மற்றொன்று ஒருவருக்காக மற்றொருவர் ஏற்கும் பொறுப்பு. பிணைத்தலும் பிணை நிற்றலும் ஒரே வேரின. புலம்பெயர்ந்தார் வரலாறு முழுவதும் இவ்விரு பொருள்களுக்கு இடையே நிகழ்ந்தது எனலாம்.

புதுச்சேரியில் ஓர் அந்நியர்

1908 ஆகஸ்டில் 'இந்தியா' இதழின் பதிவுபெற்ற வெளியீட்டாளர் சீனிவாசன் சென்னையில் கைதானார். அதன் பின்னர்ப் பாரதி பிரெஞ்சு ஆட்சிக்குட்பட்ட புதுச்சேரியை அடைந்தார். எட்டயபுரத்தில் 1882இல் பிறந்த தமிழர் ஒருவர், தமிழ் பேசும் ஊரொன்றில், சட்டத்தின் கண்ணுக்கு அந்நியரானார். அவ்வாண்டு அக்டோபரிலேயே 'இந்தியா' புதுச்சேரியிலிருந்து வெளிவரத் தொடங்கியது. பிரிட்டிஷ் இந்தியாவுக்குள் இதழ் நுழைவது தடுக்கப்பட்டதும் வருவாய் வழி அடைபட்டது. 1910 மார்ச்சில் இதழே நின்றது. கடிதங்கள் பிரித்துப் படிக்கப்பட்டன. வீட்டு வாயிலில் ஒற்றர் நின்றனர். வேலை பறிபோன பின்னும் ஊர் திரும்ப இயலாத இன்றைய தொழிலாளியின் நிலைக்கு இது மிக அண்மையது.

1911 சூன் 17ஆம் நாள், இவ்வூருக்கு அருகிலுள்ள மணியாச்சியில் கலெக்டர் ஆஷ் வாஞ்சிநாதனால் சுடப்பட்டார். அதன் அதிர்வு புதுச்சேரியைத் தாக்கியது. அவ்வாண்டில் பிரெஞ்சு நிருவாகம் அந்நியர்க்கெனப் புதிய விதி ஒன்றைக் கொணர்ந்தது. புதுச்சேரியில் தங்கும் அந்நியர், தாம் முன்பு வாழ்ந்த ஊரின் பொறுப்பான அதிகாரியிடமிருந்து நற்சான்று காட்டவேண்டும். அஃது இல்லாதோர் புதுச்சேரியின் கௌரவ நீதிபதிகள் ஐவரிடம் கையொப்பம் பெறவேண்டும். தேடப்படுகின்றவர் தம்மைத் தேடும் அரசிடமே சென்று நற்சான்று கேட்கவா முடியும்? பாரதி, அரவிந்தர், வ.வே.சு. ஐயர் முதலிய சுதேசிகளுக்கு எஞ்சியிருந்தது ஐவர் கையொப்பம் என்னும் வழி ஒன்றே.

அந்த ஐவரும் கிடைத்தனர். அரவிந்தர் 1910இல் புதுச்சேரிக்கு வந்தபோது தம் இல்லத்தில் இடமளித்த கலவை சங்கரச் செட்டியார் தாமும் கையொப்பமிட்டு, ஏனையோரிடமும் பெற்றுத் தந்தார். கெடு முடியுமுன் தாள் நிறைவுற்றது. ஒரு பேரரசின் சினத்துக்கு ஆளானவர்களுக்காகத் தம் பெயரை எழுதிக் கொடுத்த அவர்கள், அதற்கு ஈடாக எதனையும் கேட்டதாக வரலாறு சொல்லவில்லை. வாடகை பாக்கிக்காகப் பாரதியை நெருக்காத வீட்டுக்காரர் 'விளக்கெண்ணெய்ச் செட்டியார்' என்னும் பட்டப்பெயரால் மட்டுமே இன்று நினைக்கப்படுகிறார். 'கண்ணன் பாட்டு', 'குயில் பாட்டு', 'பாஞ்சாலி சபதம்' ஆகிய மூன்றும் புதுச்சேரியில் பிறந்தவை. அவற்றுக்குப் பின்னே ஐந்து கையொப்பங்களும் வற்புறுத்தப்படாத சில மாத வாடகையும் உண்டு என்பதை இலக்கிய வரலாறு மறக்கலாகாது.

1918 நவம்பர் 20ஆம் நாள் பாரதி பிரிட்டிஷ் எல்லைக்குள் கால் வைத்ததும் கைதானார். டிசம்பர் 14ஆம் நாள் விடுதலை கிடைத்தபோது, தங்குமிடத்தின் மீதும் எழுத்தின் மீதும் கட்டுப்பாடுகள் விதிக்கப்பட்டன. 1919 மே மாதம் எட்டயபுரம் வந்து, இவ்வூர் அரசருக்குச் சீட்டுக்கவி எழுதினார். அயலூரில் ஐவர் கையொப்பம் காத்த கவிஞருக்கு, பிறந்த ஊரில் தாமே எழுதிய சீட்டு உதவி எதனையும் பெற்றுத் தரவில்லை. இவ்வூரில் பாரதிக்கு எடுக்கப்படும் ஒவ்வொரு விழாவும் அந்தக் கடனை நினைவிற்கொள்ளவேண்டும்.

கங்காணியின் துண்டு

பாரதி புதுச்சேரியில் ஐந்து கையொப்பங்களுக்காகக் காத்திருந்த அதே காலத்தில், இக்கரிசல் பகுதியிலிருந்தும் சுற்றுவட்டாரங்களிலிருந்தும் ஏழை மக்கள் வேறொரு தாளை ஏந்திக் கடல் கடந்துகொண்டிருந்தனர். மழை பொய்த்த ஆண்டுகளில் கம்பும் சோளமும் பருத்தியும் கருகிய நிலத்தை விட்டு இலங்கைத் தோட்டங்களுக்குச் சென்றவர்கள் அவர்கள். தூத்துக்குடி வழியே சென்றோர் தட்டப்பாறை முகாமில் தங்கவைக்கப்பட்டனர். பின்னர் மண்டபம் முகாம் பெருவாயிலாயிற்று. தோட்ட எண் பொறித்த தகர வில்லை அவர்கள் கழுத்தில் தொங்கியது. பெயரினும் அந்த எண்ணே போதுமான அடையாளமாயிற்று.

அவர்களுக்குப் பிணை நின்றவர் கங்காணி. வழிச்செலவுக்கும் சோற்றுக்கும் முன்பணம் தந்தவரும் அவரே. ஒரு தோட்டத்திலிருந்து மறு தோட்டத்துக்குச் செல்ல வேண்டின், கடன்தொகை குறித்த 'துண்டு' என்னும் சீட்டு வேண்டும். அக்கடனைப் புதிய துரை தீர்த்தாலன்றி ஆள் பெயர முடியாது. தொழிலாளி ஒரு தோட்டத்தை விட்டு நீங்கினாலும் கடனை விட்டு நீங்குவதில்லை. இம்முறை 1921இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. புதுமைப்பித்தனின் 'துன்பக்கேணி', திருநெல்வேலிச் சீமையிலிருந்து தேயிலைத் தோட்டம் சென்றோரின் வாழ்வைத் தமிழ்ச் சிறுகதைக்குள் கொணர்ந்தது. பாரதியோ கடல் கடவாமலே பிஜித் தீவின் கரும்புத் தோட்டப் பெண்களுக்காகக் கண்ணீர் வடித்தார்.

கடனின் துண்டு ஒழிந்தபின் குடியுரிமைத் தாள் வந்தது. 1948ஆம் ஆண்டு இலங்கைக் குடியுரிமைச் சட்டம், தந்தையோ அவர்க்கு முந்தையோரோ அங்கே பிறந்தமைக்குச் சான்று கேட்டது. பிறப்பைப் பதிவு செய்யும் வழக்கம் வேரூன்றாத லயங்களில் அச்சான்றுக்கு எங்கே செல்வது? 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் விண்ணப்பித்தோருள் பெரும்பாலோர் தள்ளப்பட்டனர். 1964 அக்டோபர் 30ஆம் நாள் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம், 9,75,000 மக்களைக் கணக்கிட்டு, 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் ஒதுக்கியது. எஞ்சிய 1,50,000 பேர் 1974இல் சரிபாதியாகப் பங்கிடப்பட்டனர். எந்நாடு வேண்டும் என அம்மக்களைக் கேட்பதற்கு முன்னரே எண்ணிக்கை முடிவாகிவிட்டது.

தாளை மறுத்தவர்களும் உண்டு. பாரதி புதுச்சேரிக்குச் சென்ற அதே 1908இல், ஆகஸ்ட் 16ஆம் நாள், ஜோகன்னஸ்பர்க்கில் காந்தியடிகள் தலைமையில் கூடிய இந்தியர்கள் தம் பதிவுச் சான்றிதழ்களை இரண்டாயிரத்துக்கும் மேலாகக் குவித்து எரித்தனர். தம்பி நாயுடு போன்ற தமிழர் அப்போராட்டத்தின் முன்னணியில் நின்றனர். ஒரு தாள் வாழ்வைத் தரும்போது அதனைத் தேடி அலைவதும், அதே தாள் மானத்தைக் கேட்கும்போது அதனைத் தீயிலிடுவதும் தமிழர் வரலாற்றில் ஒரே காலத்தில் நிகழ்ந்துள்ளன.

கஃபீலும் பிணைத்தொகையும்

இன்றைய நிலைக்கு வருவோமாயின், சொற்கள் மாறியிருக்கக் காணலாம். வளைகுடா நாடுகளில் தொழிலாளியை வரவழைக்கும் முதலாளிக்குக் 'கஃபீல்' என்று பெயர். அரபு மொழியில் அச்சொல்லுக்குப் பொருள் பிணை நிற்பவர் என்பதே. மண்ணின் மைந்தர் ஒருவர் அயலானுக்குப் பொறுப்பேற்றல் என்னும் உயர்ந்த கருத்திலிருந்து பிறந்த ஏற்பாடு அது. நாளடைவில், பணி மாறவும் நாடு திரும்பவும் அவர் ஒப்புதல் வேண்டும் என்னும் நிலை உருவாயிற்று. கத்தார் அரசு 2018இல் பெரும்பான்மைத் தொழிலாளர்க்கு வெளியேறும் அனுமதிச் சீட்டையும், 2020இல் பணி மாறத் தேவைப்பட்ட முதலாளியின் தடையின்மைச் சான்றையும் நீக்கியது. ஆயினும் சட்டம் நீங்கிய இடத்தில் பழக்கம் உடனே நீங்கிவிடுவதில்லை.

சிங்கப்பூரில் வேலை அனுமதிச் சீட்டு பெறும் மலேசியர் அல்லாத தொழிலாளி ஒவ்வொருவருக்கும் முதலாளி 5,000 வெள்ளிக்குப் பிணை தரவேண்டும். தொழிலாளி மறைந்து போனால் அத்தொகை பறிபோகலாம். ஆகவே அவனைக் காக்கும் கடமையும் அவனைக் கண்காணிக்கும் ஆவலும் ஒரே கையில் சேர்ந்துவிடுகின்றன. அந்நாட்டுக் குடிமகளை மணக்க வேண்டின் அரசின் முன்னனுமதி தேவை. காதலுக்கும் படிவம் உண்டு என்பது அகத்திணை அறியாத செய்தி.

புறப்படும் இடத்திலும் தாள் உண்டு. 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டத்தின்கீழ், பத்தாம் வகுப்புத் தேறாதவர் குறிப்பிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குச் செல்லக் குடிபெயர்வோர் பாதுகாவலரின் அனுமதி பெறவேண்டும். ஒப்பந்தத்தை ஆராய்ந்து ஏமாற்றைத் தடுப்பதே இதன் நோக்கம். ஆனால் காத்திருக்கப் பொறுமையற்றவனிடம், சுற்றுலா விசாவில் சென்று பின்னர் மாற்றிக்கொள்ளலாம் என்று தரகர் சொல்லுகிறார். அவ்வாறு சென்றவனுக்கு அங்கே பிணை நிற்பார் ஒருவரும் இல்லை. வாங்கிய கடன் மட்டும் ஊரில் வட்டியோடு வளருகிறது. கங்காணியின் துண்டு 1921இல் ஒழிந்தது என்று சொல்வது சட்டத்தளவில் மட்டுமே உண்மை.

இவ்வூரின் அயலார்

இதுகாறும் சொல்லப்பட்டவை இங்கிருந்து சென்றோர் பற்றியவை. இங்கே வந்து தங்கியோரும் உளர். எட்டயபுரத்துக்கு அருகில் தாப்பாத்தியில் இலங்கைத் தமிழர் முகாம் உள்ளது. 2021இல் தமிழக அரசு இத்தகைய முகாம்களுக்கு 'மறுவாழ்வு முகாம்' எனப் பெயர் மாற்றியது. பெயர் மாறினும் வருகைப் பதிவு உண்டு. 1987 சூலை முதல் நாளுக்குப் பின் இந்நாட்டில் பிறந்த பிள்ளைக்கு, பெற்றோருள் ஒருவரேனும் இந்தியக் குடியுரிமை உடையவராய் இருந்தாலன்றிப் பிறப்பால் குடியுரிமை இல்லை. 2019ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தின் பயன் இலங்கைத் தமிழர்க்கு எட்டவில்லை. 2025இல் மைய அரசு பிறப்பித்த விலக்காணை, 2015 சனவரி 9ஆம் நாள் வரை வந்து பதிவு செய்துகொண்டோரைக் கடவுச்சீட்டும் விசாவும் இன்றித் தங்கிய குற்றத்திலிருந்து விடுவித்தது, குடியுரிமை தரவில்லை. இக்கரிசல் மண்ணில் பிறந்து, இம்மண்ணின் பள்ளியில் பாரதியைப் பாடமாகப் படித்த பிள்ளை, சட்டத்தின் கண்ணுக்கு, 1908இல் பாரதி புதுச்சேரியில் இருந்தது போலவே இருக்கிறது.

கவிஞர்க்கு உரிய பணி

கி. ராஜநாராயணன் கரிசல் வட்டாரத்துச் சொற்களைத் திரட்டி அகராதி செய்தார். அப்பணி முடிந்துவிடவில்லை. கஃபீல், இக்காமா, பத்தாக்கா என்னும் சொற்கள் இன்று இவ்வட்டாரத்து வீடுகளில் பேச்சு வழக்காய்ப் புழங்குகின்றன. காலாவதியான கடவுச்சீட்டுகளும் பழைய கடிதங்களும் தகரப் பெட்டிகளில் கிடக்கின்றன. அவற்றைத் திரட்டுவதும் இலக்கியப் பணியே. சிங்கப்பூரில் 2014இல் தொடங்கிய புலம்பெயர் தொழிலாளர் கவிதைப் போட்டியில் தமிழ்த் தொழிலாளரும் பங்கேற்றுள்ளனர். தம் வாழ்வைத் தாமே எழுதத் தொடங்கிவிட்ட அவர்களுக்காகப் பிறர் ஏங்கிப் பாடுவதினும், அவர்கள் எழுதியதை வாங்கிப் படிப்பது நன்று.

எழுத்தறிந்தோரின் கடமை இத்துடன் நிற்பதன்று. வெளிநாடு செல்லும் பையன் கையொப்பமிடுமுன் அவன் ஒப்பந்தத்தை வரிவரியாகப் படித்துச் சொல்ல ஒருவர் வேண்டும். படிவம் நிரப்பித் தர ஒருவர் வேண்டும். தாப்பாத்தியில் கவிதை எழுதும் இளைஞரை அடுத்த கவியரங்கத்துக்கு அழைத்து, ஏனைய கவிஞர்க்கு இணையாக மேடையில் அமர்த்த ஒருவர் வேண்டும். இவை மிகச் சிறிய செயல்கள். சங்கரச் செட்டியார் செய்ததும் அளவில் சிறியதே. சில வீடுகளுக்குச் சென்று, சில பெரியவர்களைக் கண்டு, ஒரு தாளில் கையொப்பம் பெற்றார்.

இவ்வட்டத்தின் உறுப்பினர் பட்டியலில் ஐவருக்கு மேற்பட்டோர் உளர். வரும் பத்தாண்டுகளில் இவ்வூரைச் சேர்ந்த அயலார் எவரேனும் கையில் தாளோடு வாயிலில் வந்து நின்றால், கையொப்பமிட முன்வருவோர் யாவர் என்பதை இவ்வட்டம் இன்றே எண்ணி வைத்துக்கொள்வது நலம்.