கென் ஆடம்: செட் போட்ட மனிதர்

(சங்கத்தின் மாதக் கூட்டத்துக்குப் பின் நம் குடியிருப்பு உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை)

தண்ணீர் லாரிக் கணக்கு முடியவே எட்டரை ஆகிவிட்டது. செயலாளர் பத்து நிமிடத்துக்கு மேல் கூடாது என்கிறார். அதனால் ஒரே ஒரு மனிதரைப் பற்றிப் பேசுகிறேன்.

நடிகர் நிற்கும் இடம் எப்படி இருக்க வேண்டும் என்று தீர்மானிப்பவர் புரொடக்‌ஷன் டிசைனர். நாம் பொதுவாக ஆர்ட் டைரக்டர் என்று சொல்லிவிடுகிறோம். பெரிய படங்களில் ஆர்ட் டைரக்டர் இவருக்குக் கீழே வேலை பார்ப்பவர். இந்தத் தொழிலில் பெரிய பெயர் கென் ஆடம்.

1921இல் பெர்லினில், வசதியான யூத வியாபாரக் குடும்பத்தில் பிறந்தார். ஹிட்லர் வந்ததும் 1934இல் குடும்பம் லண்டனுக்குத் தப்பியது. அம்மா அங்கே போர்டிங் ஹவுஸ் நடத்திக் குடும்பத்தைக் காப்பாற்றினார். பையன் கட்டடக்கலை படித்தார். போர் வந்தபோது பிரிட்டிஷ் விமானப்படையில் சேர்ந்து, டைஃபூன் விமானத்தில் தான் பிறந்த நாட்டின் படைகள் மீதே தாக்குதல் நடத்தினார். பிடிபட்டிருந்தால் போர்க்கைதியாக அல்ல, துரோகியாகத்தான் நடத்தியிருப்பார்கள்.

போருக்குப் பிறகு சினிமாவில் வரைவாளர் வேலை. பெயர் வாங்கித் தந்தது 1962இல் வந்த முதல் ஜேம்ஸ் பாண்ட் படம், 'டாக்டர் நோ'. படக்குழு ஜமைக்காவில் படம் பிடித்துக்கொண்டிருக்க, இவர் இங்கிலாந்தின் பைன்வுட் ஸ்டுடியோவில் தன் இஷ்டத்துக்கு செட்களைப் போட்டு முடித்தார். இயக்குநர் திரும்பி வந்துதான் பார்த்தார்! பட்ஜெட்டோ மிகச் சின்னது. நம் கட்டட கான்ட்ராக்டர்கள் யாரும் அப்படிச் செய்ய நாம் விடமாட்டோம் என்பது வேறு விஷயம்.

அதே பாண்ட் வரிசையில் ஐந்தே ஆண்டுகளில் நிலைமை தலைகீழ். 1967இல் வந்த 'யூ ஒன்லி லிவ் ட்வைஸ்' படத்துக்காக ஓர் எரிமலையின் உட்புறத்தையே கட்டினார். அந்த ஒரு செட்டுக்கு ஆன செலவு பத்து லட்சம் டாலர். 'டாக்டர் நோ' முழுப்படத்துக்கும் ஏறக்குறைய அவ்வளவுதான் ஆனது.

எனக்குப் பிடித்தது 'கோல்ட்ஃபிங்கர்' படத்தில் வரும் அமெரிக்கத் தங்கக் கிடங்கு. உள்ளே போய்ப் பார்க்க அனுமதி இல்லை. ஆகவே கம்பிகளுக்குப் பின்னால் தங்கத்தைக் கூரை வரை அடுக்கிவிட்டார். உண்மையில் அப்படி அடுக்க முடியாது, எடை தாங்காது. ஆனால் சினிமா பார்ப்பவர் மனதில் இருக்கும் தங்கக் கிடங்கு அதுதானே? நிஜத்தைக் காப்பியடிப்பதைவிட, நாம் நம்ப விரும்புவதைக் கட்டுவதுதான் கடினம் என்பது என் கட்சி.

இவ்வளவு பெரிய கற்பனைக்காரரிடம் ஸ்டான்லி குப்ரிக் கேட்டது நேர் எதிரானது. 'பாரி லிண்டன்' படத்துக்கு செட்டே வேண்டாம், பழைய மாளிகைகளில், மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் எடுக்கலாம் என்றார். ஒவ்வொரு முடிவுக்கும் முடிவில்லாத கேள்விகள். இவருக்கு மனம் உடைந்து மருத்துவமனையில் சேர வேண்டியதாயிற்று. முதல் ஆஸ்கார் கிடைத்ததும் அதே படத்துக்குத்தான். நம் குடியிருப்பில் டிசைன் படிக்கும் பிள்ளைகள் இதைக் கேட்க வேண்டும். வெளியே தெரிவது விருது மட்டும்தான். உடம்பு என்ன பாடுபட்டது என்பதை யாரும் மேடையில் சொல்வதில்லை. இத்தனைக்கும் நட்பு முறியவில்லை. 1976இல் பிரம்மாண்டமான ஒரு செட்டுக்கு எப்படி லைட் போடுவது என்று தெரியாமல் இவர் தவித்தபோது, குப்ரிக் யாருக்கும் தெரியாமல் வந்து யோசனை சொல்லிவிட்டுப் போனார்.

இரண்டாவது ஆஸ்கார் 'தி மேட்னஸ் ஆஃப் கிங் ஜார்ஜ்' படத்துக்கு. 2003இல் சர் பட்டம். 2016இல், 95 வயதில் காலமானார்.

செட்டை ஷூட்டிங் முடிந்ததும் பிரித்துவிடுவார்கள். மிஞ்சுவது படமும், வரைந்த தாளும்தான். தன் ஆயிரக்கணக்கான ஓவியங்களை 2012இல் அவர் கொடுத்தது லண்டனுக்கு அல்ல. பதின்மூன்று வயதில் தன்னை விரட்டிய பெர்லினில் உள்ள திரைப்பட அருங்காட்சியகத்துக்கு. ஏன் என்று நான் விளக்கப் போவதில்லை.

வரும் சனிக்கிழமை மொட்டைமாடியில் 'டாக்டர் ஸ்ட்ரேஞ்ச்லவ்' போடுகிறோம். போர் அறைக் காட்சியில் அந்த வட்ட மேசையைக் கவனியுங்கள். சீட்டாட்ட மேசை போல இருக்க வேண்டும் என்று அதன் மேல் பச்சைத் துணி விரிக்கச் சொன்னார் குப்ரிக். படம் கறுப்பு வெள்ளை. நாற்காலி மட்டும் அவரவர் கொண்டு வந்துவிடுங்கள்.